கை சிக்னலுக்கு அறுபத்தொரு பாயிண்ட்

மனித குல வரலாற்றில் நெருப்பு, சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக எண்ணத்தக்க மூன்றாவது பெருநிகழ்வு, நாமக்கல் – பரமத்தி சாலையிலுள்ள குளிரூட்டப்பட்ட திருமண மண்டபத்தில் வரும் திங்கட்கிழமை முற்பகல் தொடங்க இருப்பதால், லாரி ஓட்டுநர்கள் அனைவரும் தவறாது வந்திருந்து வரலாற்றில் இடம்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அழைப்பின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. தலையில் தொப்பி மாட்டப்படும் என்பதால் எண்ணெய் வைத்துக்கொண்டு வரக்கூடாது. வராதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் எந்தக் கிடங்கின் கதவும் திறக்காது.

வரலாற்றில் இடம்பெறும் ஆசை ஓட்டுநர்களுக்குப் பெரிதாக இல்லை. இரண்டாவது குறிப்பைப் படித்ததும் எல்லோரும் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

விழாவை நடத்தியது, சரக்குப் போக்குவரத்துத் துறைக்கான எண்ணிம மற்றும் நிலைபேறு திறன் மேம்பாட்டு உயர் மையம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி லோடு ஏற்றிவிடலாம் என்பதால் ஓட்டுநர்கள் அதைத் தொப்பி ஆபீஸ் என்றார்கள். அதன் இயக்குநர் முனைவர் திருவேங்கடநாதன் மேடையேறி, இனி இந்த உலகத்தில் எதுவுமே வீணாகாது என்று தொடங்கினார். அவர் பேசி முடித்தபோது ஒரு முற்பகல் வீணாகியிருந்தது. மின்சார லாரிகள் வரப்போகின்றன. அவற்றை ஓட்டவும், வண்டி கக்கும் கரிக்குக் கணக்குப் போடவும், செயலி சொல்லும் பாதையில் போகவும் இனி பள்ளிக்கூடம் போல உட்கார்ந்து படிக்க வேண்டாம். தொப்பியை மாட்டினால் காப்பி ஆறுவதற்குள் எல்லாம் மண்டைக்குள் ஏறிவிடும். பேச்சின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அவர் போய் வந்த நாடுகள்.

தொப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் பொறுப்பு, சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் நிரஞ்சனாவுக்கு.

“மூளையும் உங்க வண்டி மாதிரிதான் அண்ணா. ஓவர்லோடு ஏத்த முடியாது. பழைய சரக்கை இறக்கினாதான் புதுசு ஏறும்.”

“எறக்குன சரக்கு எங்கீங்க போவும்?” என்று கேட்டான் லோகநாதன். முன்வரிசையில் உட்கார்ந்தால் சீக்கிரம் சாப்பாட்டுக்கு விடுவார்கள் என்று நம்பி அங்கே உட்கார்ந்திருந்தான்.

“எங்க கிடங்குக்குப் போகும். யாருக்குத் தேவையோ அவங்களுக்கு ஏத்திடுவோம். எதையும் தூக்கிப் போடறதே இல்ல. அதனாலதான் இதுக்குப் பசுமைப் பயிற்சின்னு பேரு.”

ஆக, ஒருவன் ஒன்றைக் கற்க வேண்டுமானால் இன்னொன்றை மறந்தாக வேண்டும். தொப்பி முதலில் தலைக்குள் இருப்பதை எடை போட்டு, ஒவ்வொரு திறனுக்கும் இத்தனை பாயிண்ட் என்று சொல்லும். ஐந்து புதிய திறன்கள் அடங்கிய சான்றிதழுக்கு ஐம்பது பாயிண்ட் இறக்க வேண்டும். மின்சார லாரி வந்தபிறகு தேவைப்படாத திறன்கள் எவையெவை என்று மையமே அறிவித்திருந்தது: தார்ப்பாய் முடிச்சு, பஞ்சர் ஒட்டுவது, மோந்து பார்த்தே டீசலில் கலப்படம் சொல்வது, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டும் சிக்னல்.

எதைக் கொடுப்பது என்று டீக்கடையில் கூடிப் பேசினார்கள். கை சிக்னலை முதலில் கொடுத்துவிடுவது என்பதில் மட்டும் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இன்டிகேட்டர் பல்பு போனால் ஒழிய அது இன்று யாருக்கும் வேண்டாம். இழப்பே இல்லாத தானம். ஆனால் கொடுத்துப் பார்த்தபோது ஆளுக்கு நான்கு பாயிண்ட்தான் தேறியது. லோகநாதன் கை சிக்னல், பஞ்சர், முடிச்சு, மூக்கு என்று எல்லாவற்றையும் இறக்கியும் போதவில்லை. நீச்சலைக் கொடுத்தான். அப்புறமும் குறைய, ரம்மி ஆட்டத்தைக் கொடுத்தான். நிரஞ்சனாவுக்கு அவன் மனைவி ஒரு தூக்குப்போசி நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினாள்.

நாச்சிமுத்துவின் முறை மறுநாள் வந்தது. முட்டை லோடு ஓட்டுகிறவன். நாமக்கல்லில் ஏற்றி, பாலக்காடு தாண்டி இறக்கி வருவான். முட்டை வண்டிக்காரர்கள் பிரேக்கை மிதிப்பதில்லை, தடவிக்கொடுக்கிறார்கள் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வது உண்டு. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். ஒரே மகள் கனிஷ்கா, பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவன் சாலையில் இருக்கும் நாட்களில் அவளை அவனுடைய அக்கா கோகிலவாணி பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சிறப்புப் பள்ளியை, பிள்ளைகள் போதவில்லை என்று சேலத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். விடுதியில் விட நாச்சிமுத்துவுக்கு மனம் வரவில்லை. அதனால் எழுத்து அவளுக்கு அரைகுறைதான். கடைக்குப் போக எழுதிக் காட்டலாம். எழுத்தில் கொஞ்ச முடியாது, சண்டை போடவும் முடியாது. அதற்கெல்லாம் அப்பனும் மகளும் கையால் பேசிக்கொண்டார்கள். எந்தப் பள்ளியிலும் இல்லாத பேச்சு, அவர்களாகவே கட்டிக்கொண்டது. முட்டைக்கு ஒரு கை, நாளைக்கு ஒரு கை, கோகிலவாணியின் கோபத்துக்குத் தனியாக ஒரு கை. உலகத்திலேயே இரண்டு பேர் பேசிய மொழி. அதில் கெட்ட வார்த்தைகூட நாலைந்து இருந்தன. வெளியூரில் வண்டியை ஓரங்கட்டி, போனை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துவிட்டு அவன் மகளோடு பேசுவதைப் பார்த்தவர்கள், ஆள் யாரையோ அடிக்கப் போகிறான் என்று நினைத்ததுண்டு.

அவன் தலையில் தொப்பியை மாட்டினார்கள். கை சிக்னல் என்று நிரஞ்சனா அழுத்தியதும் திரையில் அறுபத்தொன்று வந்தது. அவள் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினாள். மறுபடியும் அறுபத்தொன்று.

“அண்ணா, இந்தக் கை சிக்னலை நீங்க வேற எதுக்காவது பயன்படுத்துறீங்களா?”

“வேற எதுக்குங்க? வண்டியிலதான். இருபது வருச சர்வீசாச்சே.”

பொய் சொல்லவில்லை. மகளோடு பேசுவதை அவன் ஒருநாளும் சிக்னல் என்று நினைத்ததில்லை. அது பேச்சு.

நிரஞ்சனாவுக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை. உள்ளே போய் இயக்குநரிடம் சொன்னாள். எல்லோருக்கும் நான்கு வரும்போது ஒருவருக்கு மட்டும் அறுபத்தொன்று வந்தால் கருவியில் கோளாறு இருக்கலாம், அல்லது வேறு ஏதோ சேர்ந்து எடை காட்டலாம், ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்றாள். முனைவர் திருவேங்கடநாதன், அசாதாரணத்தைக் கோளாறு என்று நினைப்பது அடிமை மனநிலை என்று விளக்கிவிட்டு, புகைப்படக்காரரை வரச் சொன்னார்.

காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. சாயங்காலம் மேடையில் நாச்சிமுத்துவுக்குச் சால்வை போர்த்தி, சிறந்த பயிலுநர் என்று பட்டமும் கொடுத்தார்கள். ஒரே ஒரு திறனை இறக்கிவைத்து ஐந்து திறன்களை ஏற்றிக்கொண்ட இந்த எளிய மனிதர் எதிர்காலத்தின் முகம் என்றார் இயக்குநர். எதிர்காலத்தின் முகம் அன்று சவரம் செய்திருக்கவில்லை.

“ஏம் மாப்ளே, கையை வெளிய நீட்டுனதுக்கா அறுபத்தொண்ணு? அப்ப நாங்கெல்லாம் இத்தன வருசமா காலையா நீட்டீட்டு இருந்தோம்?” என்றான் லோகநாதன், நீச்சலும் ரம்மியும் போன வயிற்றெரிச்சலில்.

நாச்சிமுத்து டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தான். சிக்னல் என்றால் எல்லோரும் காட்டுவதா, கை மணிக்கட்டில் இருக்கிறதப்பா சூட்சுமம் என்று அடித்துவிட்டான். செய்துகாட்டச் சொன்னார்கள். வரவில்லை. வராது என்பதுதானே பெருமை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டு வாசலில் கனிஷ்கா காத்திருந்தாள். சால்வையைப் பார்த்ததும் ஓடிவந்து கைகளை வீசினாள். கொசு விரட்டுகிறாள் போலிருக்கிறது என்றுதான் அவன் முதலில் நினைத்தான். அவள் மறுபடி வீசினாள். விரல்கள் மடங்கின, விரிந்தன, கன்னத்தைத் தொட்டன. பதில் சொல்லக் கையைத் தூக்கினான். கை தூக்கியபடியே நின்றது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

அவள் சிரித்தாள். அப்பா விளையாடுகிறான். இப்படித்தான் அடிக்கடி ஊமைக்கோட்டான் மாதிரி நிற்பான், பிறகு சட்டென்று பதில் சொல்லிப் பயமுறுத்துவான். அவள் காத்திருந்தாள். சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்தாள். பிறகு அழுதாள். பிறகு அந்த நாலைந்து கெட்ட வார்த்தைகளையும் வரிசையாகச் சொன்னாள். அதுவும் அவனுக்குப் புரியவில்லை.

கடைசியில் ஒரு காகிதத்தில், தொப்பி ஆபீசில் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் காட்டினான். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பென்சிலைப் பிடுங்கிக் கீழே எழுதினாள்:

“யாருக்கு குடுத்த”

அவனுக்குத் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினான். அதற்கு மொழி தேவைப்படவில்லை. அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். காது கேட்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போவார்கள். அவளுக்குக் கண்ணை மூடினாலே போதும்.

மறுநாள் மையத்தில் நிரஞ்சனா எழுந்து நின்றுதான் பேசினாள். நாச்சிமுத்து விஷயத்தைச் சொன்னதும் அவன் கணக்கைத் திரையில் திறந்து பார்த்தாள்.

“அது பெயரைப் பார்த்து எடுக்கறதில்லண்ணா. கை எதையெதை சொல்லக் கத்துக்கிச்சோ அதெல்லாம் உங்களுக்கு ஒரே வேர்ல இருந்திருக்கு. வேரோட வந்துடுச்சு.”

“திருப்பிப் போட்டுருங்க. உங்க அஞ்சையும் எடுத்துக்குங்க. சால்வையும் கொண்டாந்திருக்கேன்.”

“கிடங்குல இல்லண்ணா. நேத்து வந்ததுமே ஒதுக்கீடு ஆயிடுச்சு. எங்கன்னு எனக்கும் காட்டாது.” பிறகு, “புதுசா கத்துக்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல. போன தடவை எவ்வளவு நாள் ஆச்சு?” என்று கேட்டாள்.

“எட்டு வருசம்.”

உள்ளே இயக்குநர், இழப்பு என்ற சொல்லைத் தாம் பயன்படுத்துவதே இல்லை என்றார். இடமாற்றம் என்பதே சரி. நாச்சிமுத்துவின் திறன் எங்கோ, யாருக்கோ, பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. அதை நினைத்து நாச்சிமுத்து பெருமைப்பட வேண்டும். ஐம்பது போகப் பதினொரு பாயிண்ட் மிச்சம் இருப்பதால், விரும்பினால் சிறந்த தகவல் தொடர்புக்கான அடிப்படைச் சான்றிதழை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். நாச்சிமுத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். தகவல் தொடர்பு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு இயக்குநர் அடுத்த கோப்பைத் திறந்தார்.

கிடங்குக் கதவு மட்டும் சொன்னபடி திறந்தது. மின்சார லாரி வரவில்லை. டெண்டரில் ஏதோ வழக்கு என்றார்கள். நாச்சிமுத்து அதே பழைய டீசல் வண்டியில் அதே முட்டையை ஏற்றிக்கொண்டு போனான். ஏற்றத்தில் வண்டி எவ்வளவு கரி கக்குகிறது என்று இப்போது அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதை நிறுத்துவதற்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. லோகநாதனின் வண்டியில் இன்டிகேட்டர் பல்பு போய், கையை நீட்டவும் தெரியாமல் திரும்பியதில் பின்னால் வந்த வேன் மோதியது. பஞ்சரும் ஒட்டத் தெரியாமல் ஒரு பகல் முழுக்கச் சாலையோரம் உட்கார்ந்திருந்தான். சீட்டாடியாவது பொழுதைப் போக்கியிருக்கலாம்.

வீட்டில் கனிஷ்கா சரியாகச் சாப்பிடவில்லை. அத்தைக்குத் தெரிந்த கை மூன்றுதான்: வா, தின்னு, குளி. மூன்றையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு எதிர்கொண்டாள். ஒரு நாள் நாச்சிமுத்து லோடு இறக்கி வந்ததும் கோகிலவாணி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“தம்பி, எனக்கும் அவகூடப் பேசத் தெரியாது. இப்ப உனக்கும் தெரியாது. ஒரு வீட்டுல ஒரு புள்ளைய கன்னுக்குட்டியாட்டம் வெச்சிருக்கறதுக்கு, சேலத்து ஆஸ்டல்ல விட்டுப்போடு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள நீ அவகூட நாலு வார்த்தை பேசிக் காட்டு, நான் வாயத் தொறக்கல.”

நாச்சிமுத்துவுக்கு அக்கா சொன்னதில் தவறு எங்கே என்று தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

மையத்தின் செயலியை எல்லா ஓட்டுநரும் போனில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சித்திரையில் அது புதிதாகியது. அறிவிப்புகளுக்கு ஓரத்தில், காது கேட்காதவர்களுக்காக, பச்சைச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம் நின்று கைகளால் பேசியது; கீழே எழுத்திலும் வந்தது. யாரையும் விட்டுவிடாத சேவை என்று மையம் அதற்கு ஒரு விருதும் வாங்கியிருந்தது. நாச்சிமுத்து அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவனுக்கு அது யாரோ கொசு விரட்டுவதுதான்.

கனிஷ்கா கவனித்தாள். சார்ஜில் கிடந்த போனில் அந்த உருவம் அசைந்தபோது, கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். அது அப்பாவைப் போலவே பேசியது. அப்பாவைப் போலவே இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. சரக்கு என்ற சொல்லுக்கு அது முட்டைக்கான கையைக் காட்டியது. தாமதம் என்பதற்கு, கோபமாக இருக்கும் கோகிலவாணியைக் காட்டியது.

வீட்டுக்கு வந்த நாச்சிமுத்து, மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு அதனோடு கையாட்டிப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அவள் ஏதோ கேட்டாள். உருவம், எரிபொருள் சிக்கனம் பற்றிச் சொன்னது. அவள் மறுபடி கேட்டாள். உருவம், தார்ப்பாய் கட்டாயம் என்றது. அவள் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பனிடம் கண்ணை மூடியவள் அதனிடம் மூடவில்லை. யாருக்குக் கொடுத்தோம் என்பது அவனுக்கு அப்போது தெரிந்தது.

போனை உடைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, கீழே எழுத்து ஓடுவதைப் பார்த்தான். கைக்கு நேராக வார்த்தை.

பாலக்காடு தாண்டிய கிடங்கு வாசலில் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் அவன் அந்த அறிவிப்புகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தான். தன்னுடைய கையைத் தானே காப்பியடித்தான். ஏறவில்லை, விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. முதல் வாக்கியம் பிடிபடவே பல நடை ஆயிற்று. ஒரு காலையில் மகளின் முன்னால் போய் நின்று, தோளைத் தூக்கிக்கொண்டு, மெதுவாகக் கையால் சொன்னான்: உங்கள் சரக்கு தாமதமாகும், பொறுத்தருளவும்.

கனிஷ்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்து, சரியான இடத்தில் மடக்கிவிட்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு திரும்பியது, ஒரு மாதிரி. கேரளாவுக்குக் கிளம்பும்போது அவன், உங்கள் சரக்கு புறப்பட்டுவிட்டது என்பான். திரும்பி வந்ததும், சரக்கு வந்து சேர்ந்தது, பெற்றுக்கொள்ளவும் என்பான். அவள் ஓடிவந்து பெற்றுக்கொள்வாள். சோறு வேகத் தாமதமானால் சாலை நெரிசலைக் காரணம் காட்டினான். ஒருநாள் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, எளிதில் உடையக்கூடியது, கவனமாகக் கையாளவும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கினாள். கோகிலவாணி சேலத்துப் பேச்சை எடுக்கவில்லை. விடுதிக்கு வாங்கிய விண்ணப்பத்தை மட்டும் கிழிக்காமல் வைத்திருந்தாள்.

ஆனால் மொத்தம் எட்டு அறிவிப்புகள்தான். மகள் கேட்பது எட்டுக்குள் அடங்கவில்லை. அவள் அம்மாவைப் பற்றி எதையோ கேட்கிறாள் என்று ஊகிக்க முடிந்தது. பதில் அறிவிப்பில் இல்லை. அவன் நிரஞ்சனாவுக்குப் போன் செய்தான். அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. நின்று பேசும்போது அவன் தூக்கிக்கொள்ளும் அதே தோளை அந்த உருவத்திடம் பார்த்த அன்றே தெரிந்துகொண்டாளாம். அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லையாம்.

“அறிவிப்பு இன்னும் கொஞ்சம் சேத்துப் போடுங்களேன். சாப்பிட்டியா, பயப்படாத, இந்த மாதிரி. சரக்குக்குச் சொல்றாப்லயே எழுதிப்போடுங்க, யாருக்குத் தெரியப்போவுது.”

அவள் முயற்சி செய்வதாகச் சொன்னாள். செய்யவும் செய்தாள். பண்டிகைக் கால வாழ்த்து, ஓட்டுநர் நலன், குடும்ப நலன் என்று தலைப்புகள் கொடுத்து நாற்பது வாக்கியங்களைத் தயாரித்து மேலே அனுப்பினாள். அடுத்த புதுப்பிப்பில் வந்துவிடும் என்று தேதியோடு அவனுக்குச் செய்தி போட்டாள். நாச்சிமுத்து அதை மகளுக்குச் சொல்ல முயன்றான்: உங்கள் சரக்கு வந்துகொண்டிருக்கிறது. அவள் காலண்டரை எடுத்து வந்து, எந்தத் தேதி என்று விரல் வைத்துக் கேட்டாள். காட்டினான். அவள் அந்தத் தேதியைச் சுற்றி முட்டை வரைந்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம், சொன்ன தேதியில் புதுப்பிப்பு வந்தது. அப்பனும் மகளும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோகிலவாணியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

புதிய செயலியில் அந்த உருவம் இல்லை. அது கையால் சொல்வது காது கேட்காதவர்கள் யாருக்குமே புரியவில்லை என்று புகார்கள் வந்ததால் நீக்கப்பட்டது.